நாச்சிமுத்து அண்ணன் ஊதிய சங்கு

எங்கள் மில்லை மூடி, கூரைமேல் இருந்த சங்கைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள் காலை, முதல் ஷிப்டு நேரத்தில், நாச்சிமுத்து அண்ணன் தன் பேத்தியை எழுப்புவதற்காக வாயைத் திறந்தபோது, "கண்ணு" என்ற சொல் வர வேண்டிய இடத்தில் மில் சங்கு ஊதியது. காலமெல்லாம் நாங்கள் கேட்ட அதே சங்கு, முதலில் அடித்தொண்டையில் எருமை மாதிரி உறுமி, பிறகு படி ஏறுவதுபோல மேலே ஏறி, உச்சியில் சித்த நேரம் நின்று நடுங்கி, மூச்சு வாங்கியபடி கீழே இறங்கி அடங்குகிற அதே சங்கு. ஓட்டுக் கூரையில் இருந்த புறாக்கள் வழக்கம்போலப் பறந்து, வழக்கம்போலத் திரும்பி வந்து உட்கார்ந்தன. நாலு வயசு மேகலா பாயில் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்புச்சி, பால்" என்றாள்.

நான் சென்னியப்பன், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை செய்தவன். மில் எங்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. ஒரு ஸ்ட்ரைக்கின்போது மேனேஜர் கார்மேல் கல்லெறியக் கையை ஓங்கிய என்னை, அத்தனை பேருக்கு நடுவில், சங்கத் தலைவர் என்ற முறையில் கன்னத்தில் அறைந்தவர் அவர். அந்தக் கல்லை எறிந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இருந்தாலும் அவர் கதையை நான் சொல்லாவிட்டால் கம்பெனிக்காரன் சொல்வான், அதனால் நான் சொல்கிறேன்.

சங்கு ஊதியதும் லைன் எழுந்தது. ஆண்கள் பல்லைத் தேய்த்தார்கள், பெண்கள் அடுப்பை மூட்டினார்கள், சோறும் ரசமும் தூக்குப்போசியில் அடைந்தன, நாங்கள் எல்லோரும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே நடந்து, கேட்டுக்கு முன்னால் வரிசையில் நின்று, உள்ளே விடுவதற்காகக் காத்திருந்து, கேட்டில் தொங்கிய புதுப் பூட்டைப் பார்த்த பிறகுதான் மில்லை மூடிவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது. கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் மயில்சாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அப்போது நாச்சிமுத்து அண்ணன் மேகலாவைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஷிப்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் அவர் வாயில் பேச்சுதான் வரும்.

"தப்பா வந்துட்டோம்னு யாரும் வெக்கப்பட வேண்டியதில்லீங்க" என்றார். "நாம வேலைக்கு வந்திருக்கறோம். கேட்டைச் சாத்தினது அவங்க. நாளைக்கும் வருவோம், நாளான்னிக்கும் வருவோம். வர்ற வரைக்கும் நாம வேலையை உடல. வேலையை உடாத வரைக்கும் இந்த லைன் ஊட்டை விட்டு நம்மள எவனும் எறக்க முடியாது."

அதுதான் விஷயம். மில் போனால் போகிறது, வீடு போனால் எங்கே போவது? சிவப்பு ஓடு போட்ட ரெண்டு வரிசை, ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பொதுவாக ஒரு குழாய். அதிலேதான் எங்கள் பிள்ளைகள் பிறந்தன, அதிலேதான் எங்களைப் பெற்றவர்கள் செத்தார்கள். வேலையாட்கள் தாங்களாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஆகவே வீடுகளைக் காலி செய்து தர வேண்டும் என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. நாங்கள் போகவில்லை, தினமும் வருகிறோம், கேட்தான் சாத்தியிருக்கிறது என்று சங்கம் பதில் சொன்னது. அதனால் அண்ணன் ஊதினார், நாங்கள் போனோம். வெயிலில் ஊதினார், மழையில் ஊதினார், மாரியம்மன் நோம்பியன்று ஊதினார். நாங்கள் குடை பிடித்துப் போனோம், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனோம், கையில் காப்புக் கட்டியபடி போனோம். ஷிப்டுக்கு ஷிப்டு போய் நின்று, பூட்டைப் பார்த்து, திரும்பி வந்து, அவரவர் கிடைத்த கூலி வேலைக்குப் போனோம்.

ஒரு மனுஷன் வாயில் சங்கு ஊதுவதை ஊர் எப்படித் தாங்கிக்கொண்டது என்று கேட்பார்கள். முதல் வாரம் நாய்கள் குரைத்தன, ரெண்டாவது வாரம் அவையும் விட்டுவிட்டன. டீக்கடைப் பொங்கியண்ணன் சங்கு ஊதினால்தான் பாலை அடுப்பில் வைப்பார். பள்ளிக்கூடத்து மணி சங்கைப் பார்த்து அடித்தது, டவுன் பஸ் சங்கைப் பார்த்துக் கிளம்பியது. பக்கத்தில் புதிதாக வந்த அப்பார்ட்மெண்ட்காரர்கள் தூக்கம் கெடுகிறது என்று போலீசில் எழுதிக் கொடுக்க, வந்த இன்ஸ்பெக்டர் ரெண்டாவது ஷிப்டு சங்கு முடியும்வரை நின்று கேட்டு, தன் கைக்கடிகாரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். கடைசியில் பழகிப்போய் எங்கள் ஆட்களே குறை சொல்ல ஆரம்பித்தார்கள். "ஏனுங்ணா, இன்னிக்குக் காலைல சித்த கம்மலா இருந்துச்சுங்களே" என்று கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் யாராவது ஒருத்தி மிளகும் பனங்கற்கண்டும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வைப்பாள்.

மில் டாக்டராக இருந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொண்டை நல்லாத்தான் இருக்குது. நெஞ்சுலதான் பஞ்சு அடைஞ்சு கெடக்குது. ஊதறதைக் கொறைச்சுக்கங்க."

"மொத்தமே மூணு ஷிப்டுதானுங்க டாக்டர். எந்த ஷிப்டுக்காரன வர வேண்டாம்னு சொல்றது?" என்றார் அண்ணன்.

மேகலாவின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். அப்பனைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், அவன் அதற்கு லாயக்கில்லை. அந்தப் பிள்ளையை வளர்த்தது அண்ணன்தான். ஸ்பின்னிங்கில் அறுந்த இழையைப் பிணைக்கிற வேலை செய்த விரல்கள் அவருடையவை, ஓடுகிற பிரேமில் கண்ணுக்குத் தெரியாத நூலைப் பிடித்து ஒட்டுகிற விரல்கள். அதே விரல்களால் அவளுக்குத் தலை பின்னிவிடுவார். அந்தச் சடை சாயங்காலம்வரை ஒரு முடி பிரியாது. லைனில் இருந்த பெண்பிள்ளைகள் எல்லாம் தலை பின்னிக்கொள்ள அவர் வாசலில் வந்து உட்காரும், என் மகள் ராணி உட்பட. ராணி போகக் கூடாது என்று நான் சொன்னேன். அவள் போனாள். நடுச்சாமச் சங்குக்கு மட்டும் எழுந்து வெளியே வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி, மில்லைப் பார்த்து நின்று ஊதிவிட்டு, மேகலா புரண்டு படுத்தாளா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

மேகலா நாலாம் வகுப்புக்கு வந்த வருஷம் அவளுக்கு அம்மை போட்டது. வேப்பிலைமேல் கிடந்தாள், உடம்பு கொதித்தது, ரெண்டு நாளாகத் தூங்காதவள் விடியற்காலையில்தான் கண் அயர்ந்தாள். முதல் ஷிப்டு நேரம் வந்தது. அண்ணன் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். சங்கு வெளியே வரவில்லை, உள்ளேயே இறங்கியது. சுவருக்கு இந்தப்புறம் என் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி நடுங்கியதை நான் பார்த்தேன், ஆனால் சத்தம் இல்லாததால் நேரம் என்று தோன்றவில்லை. லைன் முழுக்கத் தூங்கியது. அன்றைக்கென்று கேட்டுக்கு வந்த கம்பெனி லேபர் ஆபீசர், ஒரு ஆள்கூட இல்லாத கேட்டைப் போட்டோ எடுத்து, அதைக் கோர்ட்டில் கொண்டுபோய் நீட்டினார்.

இவர்கள் தினமும் வருகிறார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்புகிறேன், எந்த நாள் என்று முன்னால் சொல்ல மாட்டேன் என்றார் ஜட்ஜ். ஒரே ஒரு காலை. அன்றைக்கு நாங்கள் கேட்டில் இருந்தால் வீடு எங்களுக்கு, இல்லாவிட்டால் கம்பெனிக்கு.

லேபர் ஆபீசருக்கு இப்போது பூட்டுக்குச் சாவி எது என்று தெரிந்துவிட்டது. முதலில் மிரட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் லைனுக்கே வந்து, "அந்தச் சங்கு கம்பெனிச் சொத்து, தெரியுமில்ல?" என்றார்.

"எடுத்துக்கங்க சார்" என்று அண்ணன் வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினார்.

ஆபீசர் உள்ளே குனிந்து பார்த்தார். மேகலா கூடவே குனிந்து, "கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுது, அதை மட்டும் தொட்டறாதீங்க" என்றாள். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மறுவாரம் மத்தியானம், ரெண்டாவது ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னால், அண்ணன் எங்களைக் கேட்டுக்கு வரச் சொன்னார்.

"நேத்து லேபர் ஆபீசர் என்னைத் தனியாக் கூப்புட்டுப் பேசினாருங்க. கம்பெனிக்காரங்க தனியாப் பேசினா, அதைக் கேட்டுல வந்து எல்லாத்துக்கும் சொல்லிறோணும்ங்கறது நம்ம சங்கத்து வழக்கம். அதனால சொல்றேன். நான் வாயை மூடிக்கிட்டாப் போதுமாம். மேகலா பேருல டவுனுக்குள்ள ஒரு ஊடு எழுதித் தர்றாங்களாம். மாடி ஊடு. உள்ளயே குழா."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மை போட்ட அன்று அவர் ஊதாமல் விட்டதை நான் இன்னும் விழுங்கியிருக்கவில்லை.

"அப்பறம் என்னுங்ணா, பால் காய்ச்சறன்னிக்கு எங்களையும் கூப்புடுவீங்களா?" என்றேன். "நாங்க அன்னிக்கு எந்த மரத்தடில இருப்பமோ, அங்க வந்து பத்திரிகை வெய்யுங்க."

ரெண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், கோபமில்லை.

"கூப்புடுவேன் சென்னி. நீயும் வருவே. ஆனா உன்னப் பார்த்ததும் என்ற பேத்தி என்ன கேப்பா? 'மாமா, ராணி எங்க'ம்பா. நான் எங்கன்னு போயி ராணியக் கூட்டியாரது? அந்த மாடி ஊட்டுல அவ யாரு கூட வெளையாடுவா? ஆபீசர் கூடவா?" என்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு ஊடு வேணும்தான், இல்லீங்கல. ராத்திரியெல்லாம் நெனச்சுப் பார்த்தேன். ஊடுன்னா அவளுக்கு இந்த ரெண்டு வரிசையும்தான். இதுல ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்து அவ கைல குடுத்தா, அவ வாங்க மாட்டா."

சொல்லி முடிப்பதற்கும் நேரம் வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் கேட்டைப் பார்த்துத் திரும்பினார், மூச்சை இழுத்தார், ரெண்டாவது ஷிப்டு ஊதியது. அன்றைக்கு ஊதிய மாதிரி அந்தச் சங்கு மில் ஓடியபோதுகூட ஊதியதில்லை. மில் ஆபீஸ் மாடி ஜன்னலில் நின்ற லேபர் ஆபீசர் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு உள்ளே போவதை எல்லோரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒவ்வொரு சங்குக்குப் பிறகும் இருமினார், இருமலில் பஞ்சு வந்தது, வெள்ளை வெளேரென்ற பஞ்சு, மில்லில் அவர் தின்ற பஞ்சு. மேகலா அதை ஒரு முறத்தில் எடுத்துப்போய் வேலியில் கொட்டுவாள், சிட்டுக்குருவிகள் கூடு கட்ட எடுத்துப்போகும். ஊதுவதை நிறுத்துங்கள் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டுவிடுவாரோ என்று பயம். ஒரு சாயங்காலம், மேகலாவுக்கு ரெட்டைச் சடை பின்னி, ரெண்டாவது ரிப்பனைப் பூவாக விரித்து முடிந்துவிட்டு, "திரும்பு, பார்க்கலாம்" என்றார். அவள் திரும்பியபோது அவர் இல்லை.

அன்று நடுச்சாமச் சங்கு ஊதவில்லை. விடிந்தது, முதல் ஷிப்டு நேரம் நெருங்கியது. மேகலாவுக்கு அம்மை போட்ட அந்த ஒரு காலையைத் தவிர, சங்கில்லாத காலையை லைன் பார்த்ததில்லை. சாவு வீடு என்பதால் எந்த அடுப்பும் எரியவில்லை. தென்னை ஓலையில் பாடை பின்னி முடிந்திருந்தது. இழவுக்குச் சங்கு ஊதுகிறவர் வந்து கடைவாயில் சங்கை வைத்தார். ஒரு கிழவி எழுந்து அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "வேண்டாஞ் சாமி. இந்த லைன்ல அவர ஒருத்தரைத் தவிர யாரும் ஊதக் கூடாது."

கேட்டுக்குப் போவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது.

"தொழிலாளி செத்தா அன்னிக்கு மில்லு லீவு" என்றார் பொங்கியண்ணன். டீக்கடை வைப்பதற்கு முன் அவரும் மில்லில் இருந்தவர். "அந்த லீவைச் சண்டை போட்டு வாங்கிக் குடுத்ததே அண்ணன்தான். அவரு செத்தன்னிக்கே லீவு இல்லீன்னா எப்படி? பொணத்தப் போட்டுட்டுக் கேட்டுக்குப் போறதா? ஊரு காறித் துப்பும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மரியாதை அதுதான் என்று எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது, ஆனால் எனக்கு அண்ணன்மேல் எவ்வளவு கோபமோ அதைவிடப் பொங்கியண்ணன்மேல் கோபம், கடன் டீ தர மாட்டார்.

"அந்த லீவை எங்க உட்டாங்க?" என்று கேட்டேன். "ஊட்டுல படுத்துக்கிட்டா உட்டாங்க? எல்லாரும் கேட்டுக்கு வந்து, வரிசைல நின்னு, செத்தவன் பேரைச் சொல்லி, சித்த நேரம் தலையைக் குனிஞ்சு நின்னு, அதுக்கப்பறம்தான் லீவு. கேட்டுக்கு வராம ஊட்டுல கெடந்தா அது லீவு இல்லீங்ணா. ஆப்சென்ட்டு."

அந்த வார்த்தை எல்லோரையும் சுட்டது. மில் ஓடிய காலத்தில் ஒருநாள்கூட அண்ணன் ஆப்சென்ட் ஆனதில்லை.

அப்போது மேகலா எழுந்தாள். ராத்திரி முழுக்கச் சுவரில் சாயாமல், பாயில் தலை வைக்காமல், சடை கலையாதபடி உட்கார்ந்திருந்தாள். ஆணியில் தொங்கிய அப்புச்சியின் தூக்குப்போசியை எடுத்தாள். "நேரமாச்சு" என்றாள்.

லைனில் எல்லோரும் வீட்டுக்குள் போய்த் தூக்குப்போசியை எடுத்து வந்தார்கள். பாடையின் முன்பக்க வலது தோள் எனக்கு வந்தது, யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். பறை இல்லை, சங்கு இல்லை, அழுகைகூட இல்லை. யார் வீட்டிலும் சமைக்காததால் அத்தனை போசியும் காலி. மூடியும் கிண்ணமும் ஒன்றோடொன்று தட்டித் தட்டி, நடைக்கு நடை கலகலவென்று, தெரு முழுக்க அந்த ஒரு சத்தம்தான். அப்பார்ட்மெண்ட்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து, என்னவோ ஏதோவென்று பால்கனிக்கு வந்து, பாடையைப் பார்த்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடேயே நேராக நின்றார்கள்.

கேட்டில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் லேபர் ஆபீசர். அண்ணன் செத்த செய்தி கேட்ட ராத்திரியே ஓடிப்போய், எதையோ சொல்லி, கமிஷனரான அந்தம்மாவை அந்தக் காலைக்கே வரவழைத்திருக்கிறார். "பாருங்க மேடம், சங்கு ஊதற நேரமாச்சு, ஒரு ஆளைக் காணோம்" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்கும், நாங்கள் தெருமுனை திரும்புவதற்கும் சரியாக இருந்தது என்று மயில்சாமி பிறகு சொன்னான்.

நாங்கள் வந்து வரிசையில் நின்றோம். பாடை அவருடைய இடத்தில், வரிசையின் முதலில்.

லேபர் ஆபீசருக்கு முகம் செத்துவிட்டது. "சங்கே ஊதலையே. எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினார்.

"வேலைக்கு" என்றேன்.

அந்தம்மா பாடையைப் பார்த்தார். தூக்குப்போசிகளைப் பார்த்தார். மேகலாவைப் பார்த்தார். அப்புறம் மயில்சாமியிடம், "வேலைக்கு வந்தவங்களை ஏன் வெளில நிக்க வெச்சிருக்கீங்க? கேட்டைத் திறங்க" என்றார்.

அத்தனை வருஷம் எங்களுக்குத் திறக்காத கேட் திறந்தது. அந்தக் காலை போதும் என்று பிறகு ஜட்ஜ் எழுதினார், ரெண்டு வரிசை வீடும் எங்கள் பேருக்கு வந்தன, மேகலா இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நாங்கள் உள்ளே போனோம். மிஷின்களையெல்லாம் விற்றுவிட்டிருந்தார்கள், தரையில் அவை இருந்த அடையாளமும் துருப்பிடித்த போல்ட்டும் மட்டும் மிச்சம். ஆனாலும் யாரும் யாரையும் வழி கேட்கவில்லை. கார்டிங்காரர்கள் கார்டிங்குக்குப் போனோம், வைண்டிங் பெண்கள் வைண்டிங்குக்குப் போனார்கள், ஸ்பின்னிங்கில் அவருடைய பிரேம் இருந்த இடத்தில் பாடையை இறக்கினோம், மேகலா போசியைத் தலைமாட்டில் வைத்தாள், ஒவ்வொருவரும் தங்கள் மிஷின் இருந்த இடத்தில் போய் நேராக நின்றார்கள். மில் நிறைந்துவிட்டது. கூடவே வந்த அந்தக் கறுப்புக் கோட்டு அம்மா நடுவில் திகைத்து, "நான் எங்கேம்மா நிக்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். மேகலா கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

லேபர் ஆபீசர் கடைசியாக வந்தார். மயில்சாமி கேட்டில் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தான்.

"ஷிப்டு ஆரம்பிச்சிருச்சுங்க சார். லேட்டா வந்தா உள்ள உடறதில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினான்.